அத்தவால்பாவின் அறையும் அன்ரன் அண்ணாவும்

1

ஒக்டோபர் பன்னிரண்டு இங்கே தேசிய விடுமுறை. கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் கால் வைத்த நாள். மட்ரிட்டின் பெரிய வீதியில் இராணுவ அணிவகுப்பு நடக்கும். விமானங்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் புகை விட்டுக்கொண்டு எங்கள் மாடிக் குடியிருப்புக்கு மேலாகப் பறக்கும். வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு நான் பயந்து மேசைக்குக் கீழே குனிந்திருக்கிறேன். இங்கே பிறந்த என் மகள் கிளாரா யன்னலில் தொங்கிக்கொண்டு கைதட்டுவாள். இது அவளுடைய நாடு.

இந்த வருடம் யன்னலைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன வருடம் இதே நாட்களில் நடந்த ஒன்றை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அண்ணாவின் பெயரை மாற்றவில்லை.

நான் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரி. யுத்தத்தின் கடைசி வருடங்களில் இங்கே வந்தேன். அப்பாவின் தங்கை ஒருவர் கன்னியாஸ்திரி. மட்ரிட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அவர்தான் எனக்கு அங்கே வேலை எடுத்துத் தந்தார். ஸ்பானிய மொழியை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பல் இல்லாத கிழவர்களின் வாயிலிருந்து படித்தேன். பசிக்கிறது என்று சொல்ல நினைத்து, ஓர் எழுத்துப் பிசகி, "எனக்கு ஆம்பிளை இருக்கு" என்று சாப்பாட்டு மண்டபத்தில் அறிவித்த கதையை அந்த இல்லத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்களாம்.

பிறகு வதிவிட அனுமதிக் கந்தோர். இங்கே எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள், தகப்பனுடையது ஒன்று, தாயுடையது ஒன்று. எனக்கு இருந்ததோ ஒரேயொரு பெர்னாண்டோ. ஸ்பெயினில் அது ஓர் ஆணின் முதற்பெயர். "இது உன் புருஷனின் பெயரா? உன் குடும்பப் பெயர் எங்கே?" என்று கேட்டார் அங்கிருந்த எழுதுவினைஞர். இதுதான் குடும்பப் பெயர், போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்து எங்கள் முன்னோருக்குப் போட்டுவிட்டுப் போனது என்று அப்போது விளக்க எனக்கு மொழி போதவில்லை. வெகுகாலம் எனக்கு வந்த கடிதங்களெல்லாம் "திருவாளர் பெர்னாண்டோ" என்றே வந்தன.

2

போன வருடம் அந்த விடுமுறையை ஒட்டி கிளாராவின் வகுப்பில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வந்தது பெரு நாட்டு இன்கா மன்னன் அத்தவால்பாவின் கதை. அவளுடைய சிநேகிதி லூஸ் பெருவிலிருந்து வந்த பிள்ளை. இரண்டு பேரும் எங்கள் சமையலறை மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே அவர்கள் சொன்ன கதையைக் கேட்டேன்.

பிஸாரோ என்ற ஸ்பானியத் தளபதி இருநூறுக்கும் குறைவான ஆட்களோடு கஹமார்க்கா என்ற மலைநகரத்துக்குள் வந்தான். மன்னனைச் சதுக்கத்துக்கு வந்து சந்திக்கும்படி ஆள் அனுப்பினான். அத்தவால்பா ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடு, போருக்கான ஆயத்தம் எதுவும் இல்லாமல், பல்லக்கில் வந்தான். ஒரு பாதிரியார் மொழிபெயர்ப்பாளனைக் கூட்டிக்கொண்டு முன்னே போய்த் தன் புத்தகத்தைக் கொடுத்தார். மன்னன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு எறிந்தான். சுற்றியிருந்த கட்டடங்களில் ஒளிந்திருந்த குதிரைகளும் துப்பாக்கிகளும் வெளியே பாய்ந்தன. விருந்தாளியாக வந்தவன் அன்று பின்னேரம் கைதியாக இருந்தான்.

என்னை விட்டுவிடுங்கள், இந்த அறையை என் கை எட்டுகிற உயரத்துக்குப் பொன்னால் நிரப்பித் தருகிறேன் என்றான் அத்தவால்பா. சரி என்றார்கள். நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பொன் வந்தது. கோவில் சுவர்களில் இருந்த தகடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். வந்ததையெல்லாம் உருக்கிப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, அவன் இரகசியமாகப் படை திரட்டுகிறான் என்று குற்றம் சாட்டி, ஞானஸ்நானம் கொடுத்து, கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

"பாவம் என்றும் சொல்ல ஏலாது. அவனும் தன் சொந்த அண்ணனைக் கொல்லச் சொன்னவன்தானே" என்றாள் லூஸ்.

கிளாரா என்னிடம் திரும்பினாள். தமிழில் கேட்டால் ஸ்பானிய மொழியில் பதில் சொல்கிற பிள்ளை அவள். இதையும் அப்படித்தான் கேட்டாள். "அம்மா, வெளியே அவனுடைய பெரிய படை இருந்ததாம். அவ்வளவு பேரும் ஏன் சும்மா நின்றார்கள்?"

"அடிச்சால் உள்ளுக்கு இருக்கிறவனைக் கொண்டுபோடுவாங்கள் எண்டு பயம்" என்றேன்.

"ஆனால் சும்மா நின்றும் கொன்றுவிட்டார்களே."

நான் அடுப்பை நிறுத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

3

என் அண்ணா அன்ரன் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். தொலைபேசி அட்டை, போட்டோக் கொப்பி, வெளிநாட்டு அழைப்பு. அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து நாங்கள் சிறியவர்களாக இருந்தபோதே காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணா, நான் மூன்று பேர்தான். ஒவ்வொரு நாளும் காலையில் அண்ணா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறிக் கடைக்குப் போவார்.

ஒரு நாள் காலையில் கடைக்கதவைப் பாதி தூக்கியபோது வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. இலக்கத்தகடு இல்லை. பக்கத்துத் தையல்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க அண்ணாவை உள்ளே இழுத்துப்போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடங்களில் கொழும்பில் தமிழர்களை இப்படித் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று மத்தியானமே பேர்னாட் அங்கிள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். அவர் அண்ணாவின் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தின்போது அண்ணாவைக் கையில் ஏந்தியவர். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர். புறக்கோட்டையில் பெரிய வியாபாரிகளோடு பழக்கம் உள்ளவர் என்று பெயர். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அக்கா, பொலிசுக்குப் போகாதேங்கோ. ஃபாதருக்கும் சொல்லவேண்டாம். ஆரும் கேட்டால் பிள்ளை வெளிநாட்டுக்குப் போயிட்டான் எண்டு சொல்லுங்கோ. வாயைத் திறந்தீங்கள் எண்டால் அவனைக் கொண்டுபோடுவாங்கள்."

"ஆர் பிடிச்சது எண்டு தெரியுமோ பேர்னாட்?"

"அவங்களோட கதைக்கக்கூடிய ஆள் ஒருத்தர் இருக்கிறார். நான் பாத்துக்கொள்ளுறன்."

அண்ணாவை மீட்க அம்மா அவர் கையில் கொடுக்கத் தொடங்கினா. முதலில் வங்கியில் இருந்தது போனது. பிறகு நகை. அம்மா கழற்றி வைத்திருந்த தாலிக்கொடி, எனக்கென்று சேர்த்த சங்கிலி, கடைசியில் என் காதில் கிடந்த தோடு. எங்கள் ஒழுங்கையில் இருந்த பெண்கள் விஷயத்தை ஊகித்துக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் காப்புகளைக் கழற்றித் தந்தார்கள். ஒவ்வொரு முறையும் பேர்னாட் அங்கிள், "பிள்ளை சுகமா இருக்கிறான், சாப்பிடுறான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த இரண்டு வார்த்தையில் அம்மா அடுத்த முறை அவர் வரும்வரைக்கும் உயிர் வாழ்வா.

ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு மத்தியானம் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா" என்றார். அம்மா விடிய எழும்பி முகத்துவாரத்துக்குப் போய் அறக்குளா மீன் வாங்கிவந்து அண்ணாவுக்குப் பிடித்தமாதிரிக் குழம்பு வைத்தா. அங்கிள் தனியாக வந்தார். சின்னச் சிக்கல் ஒன்றாம், இன்னும் சில நாளாம். அம்மா அவரைப் பசியோடு அனுப்பவில்லை. அண்ணாவுக்குப் போட்டு வைத்திருந்த தட்டில் அவருக்குப் பரிமாறினா. அவர் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதுதான் நாங்கள் அவரைக் கடைசியாகக் கண்டது. அவருடைய தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு அடிக்கவும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பூட்டு. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்றார் வீட்டுச் சொந்தக்காரர்.

அவர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு அந்த வீட்டுப் படியிலேயே விளங்கிவிட்டது. அம்மாவுக்கு விளங்கவில்லை. "எங்களுக்காகக் கதைக்கப்போய் அவரையும் வெருட்டியிருப்பாங்கள், பாவம் மனிசன்" என்றா. நான் அவவுக்குச் சொல்லாமல் பொலிசுக்குப் போனேன். "இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார் அங்கே இருந்தவர். பிறகு, "ஹெட்ட என்ன நங்கி." நாளைக்கு வா தங்கச்சி. நாளைக்கும் போனேன். அம்மா வந்து சொன்னால்தான் முறைப்பாடு எழுதலாம் என்றார்கள். அம்மா வர மறுத்துவிட்டா. அத்தோடு, நான் அண்ணாவைக் கொல்லப் பார்க்கிறேன் என்று என்னோடு கதைப்பதையும் நிறுத்திவிட்டா.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் மற்றத் தாய்மார் காணாமற்போன தங்கள் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்தார்கள். அம்மாவையும் வந்து கூப்பிட்டார்கள். "என்ட மகன் வெளிநாட்டில" என்று கதவைச் சாத்தினா. நான் மட்ரிட்டுக்கு வந்த பிறகுதான் என்னோடு திரும்பக் கதைத்தா; தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு வசனம் சொல்லுவா: "நாங்கள் சத்தம் போடாமல் இருந்தால் அவன் எங்கையெண்டாலும் உயிரோட இருப்பான்."

4

இங்கே தமிழும் ஸ்பானிய மொழியும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். கிளாரா படம் கீறிய அதே கிழமையில், அகதித் தஞ்சம் கோரியவர் ஒருவரின் விசாரணைக்கு வரச்சொன்னார்கள். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி, பக்கத்தில் வழக்கறிஞர். எதிரே மெலிந்த, நரைத்த ஒரு மனிதர். கண் மட்டும்தான் தெரிந்தது. பெயர் விபரங்களை முன்பே எழுதி முடித்திருந்தார்கள்; எனக்குச் சொல்லவில்லை.

"நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதா தங்கச்சி?" என்றார்.

அந்தக் குரல் எனக்கு உடனே தெரிந்தது. ஆனாலும் நம்பவில்லை. குரல்கள் ஒன்றுபோல இருக்கலாம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பாளர் "இவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. பேசுபவரின் வாயாக இருக்கவேண்டும். அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். அது சட்டம்.

"என்ட மகனை வெள்ளவத்தையில கடைக்கு முன்னால வைச்சு வானில ஏத்தினவங்கள்" என்றார்.

"என் மகனை வெள்ளவத்தையில் கடைக்கு முன்னால் வைத்து வானில் ஏற்றினார்கள்" என்று நான் ஸ்பானிய மொழியில் சொன்னேன்.

"மகனின் பெயர் என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

"அன்ரன்."

ஞானமகன் என்பதில் "ஞான" என்ற சொல்லை மட்டும் அவர் விட்டிருந்தார். மற்றதெல்லாம் அப்படியே. பாதி தூக்கிய கடைக்கதவு, தையல்கடைக்காரர், இலக்கத்தகடு இல்லாத வான்.

அதிகாரி அடுத்துக் கேட்டார்: "ரெஸ்காத்தே ஏதாவது கேட்டார்களா, கொடுத்தீர்களா?" ஸ்பானிய மொழியில் காப்பாற்றுவதற்கும் அந்தச் சொல்தான், பிடித்துவைத்தவனுக்குக் கட்டுகிற கப்பத்துக்கும் அந்தச் சொல்தான். எங்களுக்கு மட்டும் ஏன் முதலாவது கிடைக்கவில்லை என்று ஒரு கணம் என் மூளை வேறெங்கோ போய்விட்டது. "கப்பம் குடுத்தீங்களோ?" என்று தமிழில் கேட்டேன்.

"ஓம். இருந்ததெல்லாம் குடுத்தனான். நகைநட்டு, தாலி எல்லாம். நடுவில நிண்டவன் ஏமாத்திப்போட்டான்." அவர் அழத் தொடங்கினார். உண்மையான கண்ணீர்.

அந்த வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. அண்ணா போனார், நகை போனது, வருடங்கள் போயின. எங்களிடம் மிச்சமாக இருந்தது அந்தக் கதை ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு வந்து என் வாயாலேயே சொல்லவைக்கிறார்.

"மன்னிக்கவேண்டும், என்னால் தொடர முடியாது. இவரை எனக்குத் தெரியும்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு எழும்பினேன்.

5

வேறு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் தேடுவதற்காக எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் நான் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். அவர்தான் முதலில் கதைத்தார்.

"என்ன நடந்தது தங்கச்சி? நீங்கள் எந்த இடம்? கொழும்போ?"

நான் முகக்கவசத்தைக் கழற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதிரையின் கைப்பிடியைத் தேடிப் பிடித்தார்.

"ஜெசிந்தா" என்றார்.

எத்தனையோ இரவுகள் இந்த மனிதரைக் கண்டால் என்ன கேட்பேன் என்று யோசித்திருக்கிறேன். திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். வந்தது ஒரு கேள்விதான்.

"நீங்கள் நகை வாங்கின நேரம் அண்ணா உயிரோட இருந்தவரோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"சுகமா இருக்கிறான், சாப்பிடுறான் எண்டு சொன்னீங்களே."

"நான் ஒருத்தரையும் காணேல்ல. ஒருத்தரோடயும் கதைக்கேல்ல." அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "முதல்ல உண்மையாத்தான் தேடினனான். மாதா அறிய. ஒரு ஆளும் கிடைக்கேல்ல. அதுக்குள்ள அக்கா சல்லியைக் கொண்டுவந்து கையில வைச்சிட்டா. ஒண்டும் இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. பிறகு என்ட பிள்ளைகளையும் தூக்குவாங்கள் எண்டு பயம் வந்திட்டுது. வெளிக்கிடக் காசு வேணும். நான் என்ன செய்ய?"

"பொலிசுக்குப் போகவேண்டாம் எண்டு சொன்னது?"

அவர் விசாரணை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "உள்ளுக்குச் சொல்லிப்போடாதையம்மா. எனக்கு இனிப் போறதுக்கு ஒரு இடமும் இல்லை" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. போவதற்கு இடம் இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் எங்கோ ஓர் அறையில் அண்ணா, யாராவது தன்னைத் தேடிவருவார்கள் என்று காத்திருந்திருப்பார். வெளியே அவருக்காக ஒருவரும் கதைக்கவில்லை. நாங்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல், குழம்பு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

6

நான் உள்ளே போய்ச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளராக இல்லை, அன்ரன் பெர்னாண்டோவின் தங்கையாக. அதிகாரி வேறோர் அறையில் இருத்தி, தண்ணீர் தந்து, முழுவதையும் கேட்டு எழுதினார். எந்த நாட்டிலும் ஓர் அரசாங்க மேசையில் அண்ணாவின் கதை முழுதாக எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. விசாரணை அறையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று நான் கையெழுத்து வைத்தவள். ஆனால் அங்கே கேட்டது என் வீட்டுக் கதை. அதற்குப் பிறகு என்னை அந்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவருடைய விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்களாம், மேன்முறையீடு செய்திருக்கிறாராம் என்று என் கணவர் சமையல் வேலை செய்யும் உணவகத்தில் யாரோ சொன்னார்கள்.

இனி அம்மாவுக்குச் சொல்வதா என்பதுதான் கேள்வி. "சொல்லாதை. அந்த மனிசி அதைப் பிடிச்சுக்கொண்டுதானே இவ்வளவு காலமும் உயிரோட இருக்கிறா" என்றார் கணவர். நியாயமாகத்தான் பட்டது. மாதக்கணக்கில் தொலைபேசியில் மழை, விலைவாசி, முழங்கால் வலி என்று கதைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லுவா. ஒவ்வொரு முறையும் பேர்னாட் அங்கிள் என் வாயால் அவவோடு கதைப்பதுபோல இருக்கும்.

பக்கத்தில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கிளாரா ஒரு நாள் தமிழில் கேட்டாள். தட்டித் தடவி, தப்பும் தவறுமாக. "அம்மம்மாக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் உண்மை சொல்ற இல்லை?"

பாஸ்காத் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசையால் வந்ததும் வீடியோ அழைப்பில் எடுத்துச் சொன்னேன். பேர்னாட் அங்கிளைக் கண்டதை, அவர் சொன்னதை, ஒன்றும் விடாமல். அம்மா அழவில்லை. திரையில் அவவின் நெற்றி மட்டும் தெரிந்தது; தொலைபேசி கையில் சாய்ந்துவிட்டது.

"அப்ப அந்த நாளையிலயே அவனுக்காக ஒருத்தரும் கதைக்கேல்ல" என்றா.

"ஓம் அம்மா."

"நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அவனுக்காக இல்லை. அந்தாள் தப்பிப் போறதுக்கு."

நான் பதில் சொல்ல முதல் தொடர்பை வெட்டிவிட்டா. அன்று முழுக்க அடித்தேன், எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வீடியோ அனுப்பினாள். கொழும்பில் ஒரு வீதியோரம். வெயில். வரிசையாகத் தாய்மார். கடைசியில், பிளாஸ்டிக் கதிரையில், பூசைக்குப் போகிற வெள்ளைச் சேலையோடு என் அம்மா. மடியில் அண்ணாவின் படம். யாரோ ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள். அம்மா அதைக் கையில் வாங்கி வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, அந்த வீதி முழுக்கக் கேட்கும்படி சொல்கிறா:

"என்ட மகன் வெளிநாட்டில இல்லை."